நிழல் தராத மரங்கள்: தலைநகரின் சூரியமின் சிற்பங்கள்

புது தில்லி: கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் விரைவு ரயில் தனது நெடும் பயணத்தை முடித்துக்கொள்ளும் இடம் ஹஜ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையம். அதன் கிழக்கு வாசல் வழியே வெளியேறினால் வருவது சராய் காலே கான். சராய் என்றால் வழிப்போக்கர் தங்கும் சத்திரம். பெயருக்கேற்ப இன்றும் அது வழிப்போக்கர்களின் இடமாகவே இருக்கிறது. மாநிலங்களுக்கிடையிலான பேருந்து நிலையம், மெட்ரோ நிலையம், வட்டச்சாலையின் ஓயாத வாகன இரைச்சல், அதற்கிடையே மூட்டை முடிச்சுகளுடன் காத்திருக்கும் கூலித் தொழிலாளர்கள்.

இந்த நெரிசலை ஒட்டியுள்ள ராஜீவ் காந்தி ஸ்மிருதி வனத்தில் 2019 பிப்ரவரி 21-ஆம் தேதி "வேஸ்ட் டு ஒண்டர்" என்ற பூங்காவை அன்றைய மத்திய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் திறந்துவைத்தார். உருவாக்கியது அன்றைய தெற்கு தில்லி மாநகராட்சி. செலவு சுமார் ரூ.7.5 கோடி. மாநகராட்சியின் கிடங்குகளில் துருப்பிடித்துக் கிடந்த ஏறத்தாழ 150 டன் பழைய இரும்பைக் கொண்டு தாஜ்மஹால், ஈபிள் கோபுரம், பைசா நகரின் சாய்ந்த கோபுரம், ரோமாபுரியின் கொலோசியம், எகிப்தின் பிரமிடு, ரியோவின் இயேசு சிலை, நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை ஆகிய ஏழும் அங்கு எழுப்பப்பட்டன. சைக்கிள் சக்கரங்கள், மின்கம்பங்கள், பூங்கா இருக்கைகள், லாரி உதிரிப் பாகங்கள் என நகரம் கழித்துப்போட்ட பொருள்கள்தான் மூலப்பொருள். மூன்று மாநகராட்சிகளும் 2022 மே மாதம் ஒன்றாக இணைக்கப்பட்ட பின்னர் பூங்கா தில்லி மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தது.

பூங்காவுக்கு வருவோர் ஏழு அதிசயங்களின் முன் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். ஆனால், இரவில் அந்த ஏழையும் காட்டுவதற்குத் துணை நிற்கும் மூன்று மரங்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவை இரும்பு மரங்கள். அடிமரம் எஃகுக் குழாய், கிளைகளும் எஃகுக் குழாய்கள், இலைகள் சூரியமின் தகடுகள். ஒவ்வொன்றும் 5 கிலோவாட் திறன் கொண்டது. இவற்றுடன் கூரைமேல் பொருத்தப்பட்ட தகடுகளும் சிறு காற்றாலைகளும் சேர்ந்து பூங்காவின் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் என்பது திட்டம்.

உலக அதிசயங்களின் நகல்களைவிட இந்த மூன்று மரங்களே நம் காலத்துக்குரிய கலைப்பொருள்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. பாரிஸில் இருப்பதை இரும்புக் கழிவில் மறுபடியும் செய்து காட்டுவது கைத்திறன். தாவரத்தின் வடிவத்தை எடுத்து, தாவரம் செய்யும் வேலையையே, அதாவது வெயிலை உண்டு வாழ்வதை, ஓர் உலோகச் சிற்பத்தைச் செய்யவைப்பது வேறு வகைக் கற்பனை.

துர்காபூரில் முளைத்தது: இந்தியாவில் இந்தக் கற்பனைக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானது மேற்கு வங்கத்தின் துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம். அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) கீழ் இயங்கும் இந்நிறுவனம் வடிவமைத்த சூரியமின் மரத்தை 2016-இல் அப்போதைய மத்திய அறிவியல் தொழில்நுட்ப அமைச்சர் ஹர்ஷ் வர்தன் தில்லியில் அறிமுகப்படுத்தினார். அன்று முன்வைக்கப்பட்ட வாதம் கலை குறித்ததல்ல, நிலம் குறித்தது. 5 கிலோவாட் திறனுக்கான தகடுகளைத் தரையில் பரப்பினால் 400 சதுர அடி தேவை. மரமாக நிமிர்த்தினால் அடிமரம் ஊன்ற 4 சதுர அடி போதும். ஒரு மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கு ஏறத்தாழ 5 ஏக்கர் கேட்கும் நாட்டில், விளைநிலம் பறிபோகிறதே என்ற குரல் ராஜஸ்தானிலும் கர்நாடகத்திலும் எழுந்துள்ள நிலையில், இது புறந்தள்ளக்கூடிய வாதம் அல்ல.

வடிவத்துக்கான அடிப்படையைத் தாவரவியலில் இருந்து எடுத்துக்கொண்டனர். பல தாவரங்களில் ஓர் இலைக்கு நேர் மேலாக அடுத்த இலை முளைப்பதில்லை. தண்டைச் சுற்றிச் சற்றே விலகி, சுருள்படிபோல ஏறிச்செல்லும். இதைப் பள்ளிப் பாடநூல்கள் இலை அடுக்கமைவு என்கின்றன. அடுத்தடுத்த இரண்டு இலைகளுக்கு இடையிலான கோணம் பெரும்பாலும் 137.5 பாகையை ஒட்டி அமையும். மேல் இலை கீழ் இலையின் வெயிலை முழுவதுமாக மறைத்துவிடாதபடி இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு இது. தகடுகளையும் அவ்வாறே சுருளாக அடுக்கினால் காலை முதல் மாலை வரை ஏதேனும் சில தகடுகள் சூரியனை எதிர்கொண்டபடி இருக்கும். எனவே, வழக்கமான அமைப்பைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதல் மின்சாரம் கிடைக்கும் என்று அப்போது கூறப்பட்டது.

கணக்கு சொல்வது என்ன?: இங்குதான் சற்று நிதானிக்க வேண்டும். தாவர இலைக்கும் சூரியமின் தகட்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இலை தனித்தனியாக உணவு தயாரிக்கிறது. ஓர் இலை நிழலில் இருந்தால் பக்கத்து இலைக்கு நட்டமில்லை. தகடுகளோ பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்படுபவை. குழாயில் ஓரிடம் நசுங்கினால் மொத்தத் தண்ணீர் ஓட்டமும் குறைவதுபோல, ஒரு தகட்டின் மீது நிழல் விழுந்தால் அந்தத் தொடரின் மின்னோட்டமே குறையும். இதைத் தவிர்க்கத் தனித்தனி இணைப்புகளும் கூடுதல் கருவிகளும் தேவை. அதற்கு ஆகும் செலவு தனி. மேலும், தில்லியின் அட்சரேகையில், அசையாமல் நிற்கும் ஒரு தகடு தெற்கு நோக்கி ஏறத்தாழ 28 பாகை சாய்ந்திருந்தால்தான் ஆண்டு முழுவதும் அதிகப் பலன் தரும். மரத்தின் எல்லாக் கிளைகளும் தெற்கு நோக்குவதில்லை.

இலை அடுக்கமைவைப் பின்பற்றினால் மின்சாரம் பெருகும் என்று 2011-இல் அமெரிக்காவில் 13 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் செய்து காட்டிய பரிசோதனை உலகெங்கும் பாராட்டப்பட்டது. பின்னர் பொறியாளர்கள் அதை ஆராய்ந்தபோது, அளக்கப்பட்டது மின்னழுத்தம் மட்டுமே, உற்பத்தியான மின்சக்தி அல்ல என்பது தெரியவந்தது. அந்தச் சிறுவரின் ஆர்வத்தைக் குறை சொல்வதற்கில்லை. சரிபார்க்காமல் கொண்டாடிய ஊடகங்களைத்தான் சொல்ல வேண்டும்.

துர்காபூர் நிறுவனம் 2020-இல் தனது குடியிருப்பு வளாகத்தில் மேலும் பெரிய மரம் ஒன்றை நிறுவியது. 35 தகடுகள், ஒவ்வொன்றும் 330 வாட், மொத்தம் சுமார் 11.5 கிலோவாட், விலை ஏறத்தாழ ரூ.7.5 லட்சம். இது ஆண்டுக்கு 12,000 முதல் 14,000 யூனிட் மின்சாரம் தரும் என்று நிறுவனமே அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 யூனிட். கூரைமேல் சரியான கோணத்தில் அமைக்கப்படும் தகடுகளுக்கு நம் நாட்டில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 4 யூனிட். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுவதும் வடிவத்தால் வந்தது என்று கூற முடியாது. வங்கத்து மேகத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும், மரவடிவம் மின்சாரத்தைப் பெருக்குகிறது என்ற வாதத்துக்கு இந்த எண்கள் துணை நிற்கவில்லை.

அதே கணக்கைச் சராய் காலே கானுக்குப் பொருத்தலாம். மூன்று மரங்கள், 15 கிலோவாட், நாளொன்றுக்கு 45 யூனிட், மாதத்துக்கு 1,350 யூனிட். தில்லியில் 2019 ஆகஸ்டில் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட கட்டணமில்லா மின்சார வரம்பு மாதம் 200 யூனிட். அதாவது மூன்று மரங்களும் சேர்ந்து ஏழு ஏழைக் குடும்பங்களுக்குக்கூட அந்த வரம்பு முழுவதையும் நிறைவேற்ற முடியாது. 2024 ஜூன் மாதக் கடும் வெயிலில் தலைநகரின் உச்ச மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மின்பற்றாக்குறைக்குத் தீர்வாக இம்மரங்களை முன்னிறுத்துவோர், வாணவேடிக்கையைக் காட்டித் தெருவிளக்கு என்று சொல்பவர்களே.

கலைப்பொருளாகப் பார்த்தால் இந்தக் குறை ஒரு குறையே அல்ல. ஒரு சிற்பம் தன் சொந்த வெளிச்சத்தைத் தானே சம்பாதித்துக்கொள்கிறது என்றால் அது மெச்சத்தக்கதே. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ராஸ் லவ்க்ரோவ் 2007-இல் வியன்னாவின் வட்டச்சாலையில் நிறுத்திய சூரிய மரம் அப்படிப்பட்டது. வளைந்த தண்டுகளின் நுனியில் பூத்த விளக்குகள். சிங்கப்பூரில் 2012-இல் திறக்கப்பட்ட பூங்காவின் 18 பெருமரக் கோபுரங்களில் சிலவற்றின் தலையில் சூரியமின்கலங்கள் உள்ளன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரின் பழைய விமான நிலையம் இருந்த முல்லர் என்ற குடியிருப்பில் 2009 முதல் 15 உலோகச் சூரியகாந்திகள் நிற்கின்றன. மேக்ஸ் ஹாரிஸ், லாயோஷ் ஹேடர் ஆகிய இருவரின் படைப்பு. நெடுஞ்சாலைக்கும் வணிக வளாகத்துக்கும் இடையே செல்லும் நடைபாதையை ஒட்டி அவை நடப்பட்டுள்ளன. இரவில் நீல ஒளி. பகலில், அகன்ற இதழ்களுக்குக் கீழே நடப்பவர்களுக்கு நிழல். எஞ்சிய மின்சாரம் நகரின் மின்கட்டமைப்புக்குப் போகிறது.

நிழல் என்ற அந்த ஒரு சொல்லை நம் ஊர் மரங்களில் தேட வேண்டியிருக்கிறது. 4 சதுர அடி போதும் என்பதற்காக நெட்டையாக நிமிர்த்தப்பட்ட, தகடுகளுக்கு இடையே வெயில் ஒழுகும் கம்பத்தின் கீழ் ஒரு ரிக்ஷாத் தொழிலாளி ஒதுங்க முடியாது. 2024 மே 29 அன்று தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸ். 79 ஆண்டுகளில் அதுவே அதிகம். அத்தகைய நாளில் தெருவில் பிழைப்பு நடத்துவோருக்குத் தேவைப்படுவது வெளிச்சம் அல்ல.

புது தில்லியை நிர்மாணித்த ஆங்கிலேயர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தனர். ராஜபாதையில் (2022 முதல் கர்த்தவ்ய பாதை) நாவல், அக்பர் சாலையில் புளி என்று சாலைக்கொரு மரமாகத் தேர்ந்தெடுத்து நட்டனர். தாவரங்களைக் கொண்டு ஒரு நகரத்துக்குச் செய்யப்பட்ட அலங்காரம் அது. ஆனால், சாஹிப்களின் பங்களாக்கள் இருந்த பகுதியோடு அந்த நிழல் நின்றுபோனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உயிருள்ள மரங்களின் நிலை: சூரியமின் மரங்கள் பூங்காக்களில் முளைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தலைநகரின் உண்மையான மரங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காணாமல் இருக்க இயலாது. 2018-இல் சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளைப் புதுப்பிப்பதற்காக 14,000-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டத் திட்டமிடப்பட்டது. மக்கள் மரங்களைக் கட்டித் தழுவிப் போராடினர். விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றதும் வெட்டு நிறுத்திவைக்கப்பட்டது. அதற்குள் ஒரு பகுதி மரங்கள் சாய்ந்துவிட்டன. மரத்தை வெட்டாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவது என்ற கொள்கை 2020-இல் வந்தது. அவ்வாறு பெயர்த்து நடப்பட்டவற்றில் மூன்றில் ஒரு பங்கே உயிர்பிழைத்தது என்று 2022-இல் தில்லி அரசே உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

2024 பிப்ரவரியில் மத்திய ஆயுதப் படையினருக்கான மருத்துவமனைக்குச் செல்லும் சாலையை அகலப்படுத்த, தெற்கு ரிட்ஜ் பகுதியில் தில்லி வளர்ச்சி ஆணையம் சுமார் 1,100 மரங்களை உரிய அனுமதியின்றி வெட்டியது. இது நீதிமன்ற அவமதிப்பே என்று 2025 மே 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறிழைத்த அதிகாரிகளுக்குத் தலா ரூ.25,000 செலுத்த உத்தரவிட்டதுடன், ஈடாகக் காடு வளர்க்கவும் ஆணையிட்டது. தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் 1994-இலேயே இயற்றப்பட்டது. முப்பது ஆண்டுகள் ஆன பின்பும் நகரத்துக்கு அது மனப்பாடம் ஆகவில்லை.

சூரியமின் மரத்தை வைப்பதற்காக எவரும் வேம்பை வெட்டியதாகக் கூறவில்லை. ஆனால், "மரம்" என்ற சொல் அரசு விளம்பரங்களில் இரண்டுக்கும் பொதுவாகப் பயன்படும்போது, கூட்டல் கழித்தலில் இரண்டும் ஒன்றாகிவிடும் ஆபத்து இருக்கிறது. மேற்கு தில்லியின் பஞ்சாபி பாகில் 2021 டிசம்பரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா திறந்துவைத்த "பாரத் தர்ஷன்" பூங்காவில், சுமார் 350 டன் இரும்புக் கழிவில் செய்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலும் ராமேசுவரம் கோயிலும் உள்ளன. தமிழர்கள் பார்த்துப் பெருமிதம் கொள்ளலாம். அதே பூங்காவில் பழைய இரும்பில் செய்யப்பட்ட ஓர் ஆலமரமும் உண்டு.

தூசியும் பராமரிப்பும்: திறப்பு விழாவுக்குப் பிந்தைய நாள்கள் எந்தத் திட்டத்துக்கும் சோதனைக் காலம். சூரியமின் மரத்துக்கு அது இரட்டிப்புச் சோதனை. காந்திநகர் ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் இணைந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சில வாரங்கள் படிந்த தூசியைக் கழுவியதும் தகடுகளின் திறன் ஏறத்தாழ 50 சதவீதம் உயர்ந்தது தெரியவந்தது. குளிர்காலத்தில் தில்லியின் காற்று எப்படியிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கூரைமேல் உள்ள தகட்டை வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் கொண்டு கழுவிவிடலாம். பல அடி உயரத்தில், பல கோணங்களில் திரும்பியிருக்கும் இரும்பு இலைகளைக் கழுவ ஏணியும் ஆளும் ஒதுக்கீடும் வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் மரத்தின் விலை மட்டும் இருந்து, அதைக் கழுவுகிறவரின் கூலி இல்லாமற்போனால் இரண்டு குளிர்காலங்களில் அது வெறும் கம்பமாகிவிடும். கிராமங்களில் நடப்பட்ட எத்தனையோ சூரியத் தெருவிளக்குகள் பேட்டரி செத்தபின் அப்படித்தான் நின்றன.

எனவே, ஒவ்வொரு மரமும் மாதத்துக்கு எத்தனை யூனிட் தந்தது என்பதை மாநகராட்சி பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது நல்லது. அளவுமானி எப்படியும் இருக்கப்போகிறது. அதில் ஓடும் எண்ணை அடிமரத்தில் எழுதிவைக்கப் பெருஞ்செலவில்லை.

யார் தெருவில் வெளிச்சம்?: பூங்கா திறக்கப்பட்டபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு ரூ.50, சிறுவர்களுக்கு ரூ.25. அதிகம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், பூங்காவைச் சுற்றியுள்ள பகுதியின் வாழ்க்கை வேறு விதமானது. ஜி-20 மாநாட்டுக்காகத் தலைநகரம் சிற்பங்களாலும் நீரூற்றுகளாலும் சிங்காரிக்கப்பட்ட 2023-ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதத்தில், சராய் காலே கானில் வீடற்றோர் தங்கிவந்த இரவுக் குடில் ஒன்று இடிக்கப்பட்டது. நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, பாராபுலா கால்வாய்க் கரையில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்துவந்த ஜங்புரா மதராஸி முகாம், கால்வாயைத் தூர்வாரும் பணிக்காக உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1 அன்று தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அந்த வீடுகளும் நகரின் வட கோடியில் உள்ள நரேலாவில்.

இந்த மக்களுக்கும் சூரியமின் மரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரியவீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு தரும் மானியம் ரூ.78,000. அதைப் பெறுவதற்குச் சொந்தமாக ஒரு கூரை வேண்டும். வாடகைக்கு இருப்போர், குடிசைவாசிகள், இரவுக் குடிலில் படுப்போர், நடைபாதையில் கடை விரிப்போர் ஆகியோருக்கு அந்த மானியத்தால் ஒரு பயனும் இல்லை. கூரை இல்லாதவருக்கும் சூரியனில் பங்கு உண்டு என்றால், அதைத் தரக்கூடியது தெருமுனையில் 4 சதுர அடியில் நிற்கக்கூடிய இந்த மரம்தான். நிலத்தைச் சிக்கனம் செய்கிறது என்ற துர்காபூர் வாதம் உண்மையில் பொருந்துவது இங்கேதான். விசாலமான பூங்காவில் அல்ல. பூங்காவில்தான் கூரையும் இருக்கிறது, வெற்றிடமும் இருக்கிறதே!

தில்லியின் பல பகுதிகளில் கிழமைக்கொரு தெருவில் வாரச்சந்தை கூடுகிறது. மாலை ஐந்து மணிக்குத் தள்ளுவண்டிகள் வந்து சேர்ந்து, இரவு பத்து வரை காய்கறியும் துணியும் பாத்திரமும் விற்கும். வியாபாரிகள் பேட்டரி விளக்குக்கும் ஜெனரேட்டர் இணைப்புக்கும் நாள்தோறும் கைக்காசு செலவழிக்கின்றனர். ஆறு வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று ஐந்து மணி நேரம் எரிய 30 வாட்-மணி போதும். 5 கிலோவாட் மரம் ஒரு நாளில் தரும் 15 யூனிட்டில், சேமிப்பு இழப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், முந்நூறு நானூறு கடைகளுக்கு விளக்கேற்றலாம். மிச்சத்தில் கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்யலாம். 2016-இல் சொல்லப்பட்ட விலைப்படி அத்தகைய மரம் ஒன்றுக்குச் செலவு சுமார் ரூ.5 லட்சம், மாலை நேரச் சந்தைக்கென்றால் பேட்டரிக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கிளைகளை ஆஸ்டின் நகரத்துச் சூரியகாந்திபோல் அகலமாக விரித்து வைத்தால் பகலில் நிழலும் கிடைக்கும். எந்தச் செடியின் வடிவில் செய்வது என்பதைச் சிற்பிகள் முடிவு செய்யட்டும். தில்லியின் கோடையில் மஞ்சள் சரமாகத் தொங்கும் கொன்றை ஒரு நல்ல தொடக்கம்.

மரத்தை எங்கே ஊன்றுவது என்பதை மட்டும் அதிகாரிகள் தாங்களாகவே தீர்மானிக்காமல் இருந்தால் நல்லது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி நகர விற்பனைக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். அவற்றில் பத்தில் நான்கு பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். எந்தச் சந்தையில் இருட்டு அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும்.